முழம், மரக்கால், சேக்கல்: வேதாகமக் கால அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமத்தில் இத்தனை முழம் நீளம், இத்தனை மரக்கால் மாவு, இத்தனை சேக்கல் வெள்ளி என்று வந்தால், கண் தானாக அடுத்த வசனத்துக்கு ஓடிவிடும். நானும் பல வருஷம் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் அந்தக் காலத்து ஜனங்களுக்கு அளவு என்பது வெறும் எண் இல்லை. வயிறு நிறைவதும், நிலம் கையில் நிற்பதும், ஏழைக்கு நியாயம் கிடைப்பதும் அதில்தான் இருந்தது. தீர்க்கதரிசிகளும் இயேசுவும் அளவுகளைக் கொண்டு பேசியது அதனால்தான். எங்கள் வேதபாட வகுப்பில் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு முழம் என்பது சரியாக எவ்வளவு?

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பூக்காரம்மா கையை நீட்டி மல்லிகைச் சரத்தை அளப்பாரே, அதே அளவுதான். கை ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். உபாகமம் 3-ல் பாசானின் ராஜாவாகிய ஓகின் கட்டில் 9 முழ நீளம், 4 முழ அகலம் என்று சொல்லிவிட்டு, அது மனுஷருடைய கை முழம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முழம் 2 விதமாக இருந்திருக்காவிட்டால் இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

சென்டிமீட்டரில் சொல்ல நமக்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. எசேக்கியா ராஜாவின் காலத்தில் எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவரப் பாறையைக் குடைந்து ஒரு சுரங்கம் வெட்டினார்கள். இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. 1880-ல் கண்டுபிடிக்கப்பட்ட சீலோவாம் கல்வெட்டு அது. தண்ணீர் 1200 முழம் ஓடியது என்று அதில் இருக்கிறது. சுரங்கத்தின் நீளம் இன்று சுமார் 533 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு முழத்துக்கு 44 சென்டிமீட்டர் சொச்சம் வரும். 1200 என்பது முழு எண்ணாகச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் ஒரு முழத்துக்கு 44 அல்லது 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு வாசிப்பதில் தப்பில்லை.

முழத்துக்குள் 2 சாண், 6 உள்ளங்கை அகலம், 24 விரற்கடை. இது சாதாரண முழம். எகிப்தின் அரச முழம் 7 உள்ளங்கை அகலம் கொண்டது, ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். எசேக்கியேல் 40-ல் தரிசனத்தில் வரும் மனுஷன் கையிலிருந்த அளவுகோல் 6 முழம். அந்த முழம் ஒவ்வொன்றும் சாதாரண முழத்தைவிட நான்கு விரற்கடை அதிகம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஆலயத்தை அளக்கப் பெரிய, பழைய முழம். சாலொமோனின் ஆலயத்தைச் சொல்லும் 2 நாளாகமம் 3-ம் முந்தின அளவின்படியான முழம் என்று குறிப்பிடுகிறது.

மரக்கால், கலம், படி, ஆழாக்கு எல்லாம் நம்முடைய தமிழ் அளவுகள் ஆயிற்றே. அவை எப்படி இஸ்ரவேலில் வந்தன?

வரவில்லை. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் வாசகர்களுக்குப் புரியவேண்டும் என்று எபிரெய அளவுகளுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. யாத்திராகமம் 16-ல் மன்னாவைச் சொல்லும்போது 'எப்பா' என்று எபிரெயப் பெயராகவே வருவது, ரூத் கதிர் பொறுக்கித் தட்டி எடுத்தபோது 'மரக்கால்' ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே அளவு. மூலத்தில் இரண்டு இடத்திலும் எப்பாதான்.

இன்னொன்று. நம் கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம். எசேக்கியேல் 45-ல் 10 மரக்கால் ஒரு கலம். அங்கே கலம் என்று இருப்பது ஹோமர். கழுதை என்ற எபிரெயச் சொல்லோடு தொடர்புள்ள பெயர், ஒரு கழுதைச் சுமை. ஆகவே தமிழ்க் கலத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும். எப்பா சுமார் 22 லிட்டர் என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பு; சிலர் கூடுதலாகவும் சொல்வார்கள். எண்ணெயும் திராட்சரசமும் அளக்கும் 'பாத்' என்ற குடமும் இதே அளவுதான். எப்பாவில் பத்தில் ஒன்று ஓமர், மூன்றில் ஒன்று சேயா.

கோலியாத் உண்மையிலேயே ஒன்பதடிக்கு மேல் உயரமா?

நம் வேதாகமத்தில் 6 முழமும் ஒரு சாணும். சாண் அரை முழம், ஆகவே 2.9 மீட்டர் அளவில் வரும். ஆனால் சவக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய சாமுவேல் சுருளிலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் 4 முழமும் ஒரு சாணும் என்று இருக்கிறது. அதாவது 2 மீட்டர். அந்தக் காலத்துச் சராசரி ஆணுக்கு முன்னால் அதுவே மலை மாதிரித்தான் இருந்திருக்கும். சுருள்தான் பழமையான வாசகம் என்பது என் எண்ணம். எந்த எண்ணை எடுத்தாலும் தாவீதின் விசுவாசம் ஒரு விரற்கடைகூடக் குறையாது.

சேக்கல் என்பது காசா, எடையா?

முதலில் எடை. எபிரெயத்தில் 'நிறு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆபிரகாம் மக்பேலா குகையை வாங்கும்போது 400 சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுக்கவில்லை, நிறுத்துக் கொடுத்தார் என்பதை ஆதியாகமம் 23-ல் பாருங்கள். அச்சடித்த நாணயம் அதற்கு எவ்வளவோ காலம் கழித்து, கி.மு. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் லீதியா நாட்டில்தான் தொடங்குகிறது. அதுவரை வெள்ளித் துண்டுகளும் தராசும் கற்களும்தான்.

அந்த நிறைகற்கள் யூதா தேசத்தில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மேலே வளைந்து அடியில் தட்டையாக இருக்கும் சுண்ணாம்புக் கற்கள். ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். இந்தக் கற்கள் ஒரு வசனத்தின் அர்த்தத்தையே திறந்துவிட்டன. 1 சாமுவேல் 13:21-ல் 'பிம்' என்று ஒரு சொல் வருகிறது, வேறெங்கும் கிடையாது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஊகித்து 'அரம்' என்று எழுதினார்கள். அப்புறம் 'பிம்' என்று பொறித்த, ஏழரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலான கற்கள் கிடைத்தன. அரம் இல்லை, கூலி! கலப்பைக் கொழுவைத் தீட்டிக்கொள்ளப் பெலிஸ்தர் மூன்றில் இரண்டு பங்கு சேக்கல் வாங்கினார்கள். இரும்பு வேலையைக் கையில் வைத்திருந்த அண்டை நாட்டுக்காரனிடம் ஏழை விவசாயி எப்படி மாட்டிக்கொண்டிருந்தான் என்பது அந்தச் சின்னக் கல்லில் தெரிகிறது.

ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பணக்காரனும் ஏழையும் ஒரே அரைச் சேக்கல் கொடுக்கவேண்டும் என்றது ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. யாத்திராகமம் 30-ல் ஐசுவரியவான் அதிகம் கொடுக்கவும் கூடாது, தரித்திரன் குறையக் கொடுக்கவும் கூடாது என்று கட்டளை. எட்டு அதிகாரம் தள்ளி 38-ல் கணக்கு வருகிறது. 603550 பேர், ஆளுக்கு அரைச் சேக்கல். மொத்தம் 100 தாலந்தும் 1775 சேக்கலும். காகிதத்தை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 603550-இல் பாதி 301775. அதில் 1775-ஐக் கழித்தால் 300000. ஆகவே ஒரு தாலந்துக்கு 3000 சேக்கல், ஏறக்குறைய 34 கிலோ. சேக்கலுக்கும் தாலந்துக்கும் உள்ள உறவு நமக்குத் தெரிவதே இந்தக் கணக்கால்தான்.

அந்த 100 தாலந்து என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். அது 100 பாதங்களாக வார்க்கப்பட்டது. பலகைகள் நிற்கிற, திரைச்சீலைத் தூண்கள் நிற்கிற பாதங்கள். மனப்பூர்வமாகக் கொடுத்த பொன்னும் இரத்தினமும் மேலே அலங்காரத்துக்குப் போயின. கூடாரம் நின்றதோ எல்லோரும் சமமாகக் கொடுத்த வெள்ளியின்மேல். இதில் அடையாளப் பொருளை வெளியிலிருந்து நாம் ஏற்றவேண்டியதே இல்லை. கணக்கிலேயே இருக்கிறது.

அரைச் சேக்கலுக்கு 'பெக்கா' என்று பெயர். அந்தப் பெயர் பொறித்த ஒரு சின்ன நிறைகல் எருசலேமில் ஆலய மலையின் மேற்குச் சுவர் அடிவாரத்து மண்ணைச் சலித்தபோது கிடைத்ததாக 2018-ல் அறிவித்தார்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கின்றன. முத்திரை வெட்டிப் பழகிய கை போலும்.

கள்ளத்தராசைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேசுவது ஏன்? அது சின்னத் திருட்டுதானே?

வாங்குகிற ஏழைக்கு அது சின்னது இல்லை. உபாகமம் 25 சொல்வதைப் பாருங்கள்: உன் பையில் பெரியதும் சிறியதுமான பலவித நிறைகற்கள் இருக்கக்கூடாது. பெரிய கல் எதற்கு, சிறிய கல் எதற்கு? தானியத்தை வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல். ஆமோஸ் 8-ல் வியாபாரிகள் பேசுவது இன்னும் நுணுக்கம். மரக்காலைக் குறைப்போம், சேக்கலை அதிகமாக்குவோம் என்கிறார்கள். மரக்கால் சிறிதானால் வாங்குகிறவனுக்குத் தானியம் குறைகிறது. சேக்கல் கல் கனமானால் அவன் நிறுத்துத் தரவேண்டிய வெள்ளி கூடுகிறது. ஒரே வியாபாரத்தில் இரண்டு பக்கமும் அடி. அப்புறம் பதரையும் கோதுமையோடு விற்பார்கள். கடனில் விழுந்தவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு வாங்குவார்கள்.

லேவியராகமம் 19-ல் சுமுத்திரையான (சரியான) தராசு, சுமுத்திரையான நிறைகல் என்று கட்டளையிட்டதும், உங்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நானே என்று முடிகிறது. தராசுக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அடிமைகளாக இருந்தபோது இத்தனை செங்கல் என்று எண்ணி வாங்கிக்கொண்டு, வைக்கோலைக் கொடுக்காமல் விட்டார்களே, அந்த அநியாய அளவிலிருந்து மீட்கப்பட்டவர்கள் இவர்கள். அதையே இன்னொருவனுக்குச் செய்யக்கூடாது. நீதிமொழிகள் 16 ஒருபடி மேலே போய், பையிலுள்ள நிறைகற்கள் எல்லாம் கர்த்தருடைய செயல் என்கிறது. கடைக்காரன் இடுப்புப் பையில் கைவிடும்போது தேவனுடைய பொருளைத் தொடுகிறான்.

இதற்கெல்லாம் உச்சமாகச் சகரியா 5-ல் ஒரு தரிசனம். ஒரு மரக்கால் புறப்பட்டு வருகிறது. ஈயமூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு ஸ்திரீ; அவள் பெயர் அக்கிரமம். மூடியை அமுக்கி அடைத்து, நாரையின் செட்டைகளைப் போன்ற செட்டைகளுள்ள இரண்டு ஸ்திரீகள் அதைத் தூக்கிச் சிநெயார் தேசத்துக்கு, அதாவது பாபிலோனுக்கு, கொண்டுபோகிறார்கள். ஏமாற்றப் பயன்பட்ட பாத்திரமே அக்கிரமத்துக்குச் சிறையாகிவிட்டது. மரக்கால் என்பது வெறும் பாத்திரம் என்று நினைத்து வாசித்தால் இந்தத் தரிசனம் கனவு மாதிரித்தான் தோன்றும்.

ஏசாயா 5:10-ல் ஒரு கல விதை ஒரு மரக்கால் தரும் என்கிறதே, அது நல்ல விளைச்சலா?

சாபம். 10 மரக்கால் விதைத்து ஒன்றை அறுப்பது. அதற்கு முன்னால் யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார் என்று பாருங்கள்: மற்றவனுக்கு இடமில்லாதபடி வீட்டோடு வீடும் வயலோடு வயலும் சேர்க்கிறவர்களை. நிலம் முழுவதையும் வளைத்தார்கள். நிலம் பத்தில் ஒன்றைத்தான் திருப்பித் தருகிறது. தசமபாகம் கொடுக்கிற ஜனத்துக்கு அந்தப் பத்தில் ஒன்று எப்படிக் குத்தியிருக்கும்!

அளவுநூல் சில இடத்தில் ஆசீர்வாதமாகவும் சில இடத்தில் அழிவாகவும் வருகிறதே?

நூல் நிலத்தைப் பிரிக்கிற கருவி. பிரித்துக் கொடுத்தால் சுதந்தரம், பிடுங்கிக்கொண்டால் தண்டனை. சங்கீதம் 16-ல் 'நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது' என்று தமிழில் பாடுகிறோம். எபிரெயத்தில் அங்கே 'நூல்கள் எனக்கு இனிய இடங்களில் விழுந்தன' என்று இருக்கிறது. சீட்டுப் போட்டு, நூல்பிடித்து நிலம் பிரித்த நாளின் சந்தோஷம் அது. 'ஹெவெல்' என்ற அதே சொல்தான் 2 சாமுவேல் 8-ல் தாவீது மோவாபியரைத் தரையில் படுக்கவைத்து அளந்த இடத்திலும் வருகிறது. இரண்டு நூல் அளவு சாவுக்கு, ஒரு நூல் அளவு உயிருக்கு. வாசிக்கவே மனம் கனக்கும் வசனம். அதைப் பூசிமெழுகி விளக்க நான் முயல்வதில்லை.

தூக்குநூல் வேறு. அது கொத்தனார் கையிலுள்ள தூக்குக்குண்டு. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று காட்டும். 2 இராஜாக்கள் 21-ல் சமாரியாவின் மட்டநூலும் ஆகாப் வீட்டின் தூக்குநூலும் எருசலேமின்மேல் பிடிக்கப்படும் என்கிறார் கர்த்தர். கட்டுவதற்கான கருவியால் இடிக்கவேண்டிய சுவரை அடையாளம் காண்பது.

அதே ஹெவெலைக் கையில் பிடித்து ஒரு மனுஷன் சகரியா 2-லும் வருகிறான். எருசலேமின் அகலநீளத்தை அளக்கப் போகிறேன் என்கிறான். உடனே தூதனை ஓடச்சொல்லி, எருசலேம் மதிலில்லாத பட்டணமாக இருக்கும், ஜனமும் மிருகஜீவனும் அவ்வளவு திரளாக இருக்கும், கர்த்தரே சுற்றிலும் அக்கினி மதில் என்று அறிவிக்கிறார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி, இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறு கூட்டத்துக்குச் சொன்ன வார்த்தை.

'மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்' என்பதற்கும் அளவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தானியேல் 5-ல் பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் விருந்தில் சுவரில் எழுதப்பட்டவை எடைகளின் பெயர்கள் என்று 1886-ல் கிளெர்மோன்-கானோ என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். மினா, மினா, சேக்கல், அரை மினாக்கள். சுவரில் கடைக்காரன் கணக்கு எழுதியதுபோல் இருந்திருக்கும். தானியேல் அந்தப் பெயர்களையே வினைச்சொற்களாக வாசித்தார்: எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது.

சாலொமோனின் வெண்கலக் கடல் 10 முழ அகலம், 30 முழச் சுற்றளவு. கணக்குத் தப்பு இல்லையா?

கடல் என்பது ஆலயத்தில் இருந்த பெரிய வட்டத் தண்ணீர்த் தொட்டி. அதன் அளவை முழு எண்ணாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளி விளிம்பு முதல் விளிம்பு வரை 10 முழம் எடுத்து, நான்கு விரற்கடைக் கனத்தை இரண்டு பக்கமும் கழித்தால் உட்சுற்று முப்பதரைக்குள் வருகிறது என்று விளக்குவோரும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை.

லூக்கா 6-ல் கொடுங்கள், அமுக்கிக் குலுக்கிச் சரிந்துவிழும்படி அளந்து உங்கள் மடியில் போடுவார்கள் என்று இயேசு சொன்னது எதை?

சந்தையில் தானியம் அளப்பதை. படியைத் தலைதட்டி அளப்பதும் உண்டு, குவித்து அளப்பதும் உண்டு. நல்ல மனதுள்ள வியாபாரி போட்டு, அமுக்கி, குலுக்கி, இடம் உண்டாக்கி, மேலும் போட்டு, சரிய விட்டு மடியில் கொட்டுவார். மடி என்பது மேல்வஸ்திரத்தின் மடிப்பு. அளவுக்கு மேலே போவது அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வரும். புளித்தமாவு உவமையில் அந்தப் பெண் எடுப்பது மூன்று சேயா மாவு, ஒரு முழு எப்பா. நூறு பேருக்குமேல் ரொட்டி சுடலாம். சாராள் மம்ரேயில் மூன்று விருந்தாளிகளுக்குப் பிசைந்ததும் அதே மூன்று சேயாதான்.

மன்னிக்காத வேலைக்காரன் உவமையில் வரும் பதினாயிரம் தாலந்து கடனும் அப்படியே. தாலந்து இருப்பதிலேயே பெரிய பண அளவு, பதினாயிரம் கிரேக்கத்தில் தனிப்பெயர் உள்ள மிகப்பெரிய எண். ஒரு தாலந்துக்கு 6000 வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. அதை மன்னிக்கப்பட்டவன் 100 நாள் கூலிக்காக உடன் வேலைக்காரன் தொண்டையைப் பிடிக்கிறான். 6 லட்சத்துக்கு ஒன்று. எண்களைத் தெரிந்துகொண்டு வாசித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லா அளவுக்கும் ஒரு இரகசிய அர்த்தம் இருக்கிறதா? பேழையின் 300, 50, 30 முழத்துக்கு?

அப்படித் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேழையின் அளவு ஒரு பெரிய மிதக்கும் பெட்டியின் அளவு. வசனமே அடையாளத்தைக் காட்டும் இடங்களில் தாராளமாகப் பாருங்கள். வெளிப்படுத்தல் 21-ல் புதிய எருசலேம் நகரம் 12000 ஸ்தாதி (கிரேக்கர்களின் தூர அளவு), மதில் 144 முழம். வாசல்களில் 12 கோத்திரங்களின் பெயர், அஸ்திபாரங்களில் 12 அப்போஸ்தலரின் பெயர் என்று வசனமே சொல்லிவிடுகிறது. நீளமும் அகலமும் உயரமும் சமம் என்கிறது. சாலொமோன் ஆலயத்தில் அப்படி மூன்றும் சமமாக, 20 முழமாக இருந்தது மகா பரிசுத்த ஸ்தலம். பிரதான ஆசாரியன் வருஷத்தில் ஒரு நாள் நுழைந்த இடம் அது. இப்போது நகரம் முழுவதுமே அந்த வடிவத்தில்.

ஓய்வுநாள் பிரயாண தூரம் எவ்வளவு?

2000 முழம், ஒரு கிலோமீட்டருக்குள். அப்போஸ்தலர் 1-ல் ஒலிவமலைக்கும் எருசலேமுக்கும் இடையே சொல்லப்படும் தூரம்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?

கையில் தொட்டுப் பார்க்க விடுங்கள். 44 சென்டிமீட்டர் நூல் ஒன்றை வெட்டி, கோலியாத்தின் உயரமாகச் சுவரில் நாலரை முழமும் ஆறரை முழமும் குறித்துக் காட்டலாம். மன்னாவுக்கு இரண்டு லிட்டர் சொச்சம் பிடிக்கும் பாத்திரம் ஒன்று போதும், அதுதான் ஓமர். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை என்ற வசனத்தை அந்தப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து வாசியுங்கள். பெரிய பிள்ளைகளாக இருந்தால் எசேக்கியேல் 4. முற்றுகைக்குள் இருக்கும் எருசலேமுக்கு அடையாளமாக அந்தத் தீர்க்கதரிசி நாளொன்றுக்கு 20 சேக்கல் எடை ரொட்டியும் ஹின் என்ற திரவ அளவில் ஆறில் ஒரு பங்கு தண்ணீரும் சாப்பிடவேண்டியிருந்தது. 230 கிராம் ரொட்டியை நிறுத்து ஒரு தட்டில் வையுங்கள். பக்கத்தில் அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர். காலையிலிருந்து இரவு வரை இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, அதிகாரத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.